மீதமுள்ள வானத்தில் ஒன்பதாம் கோள்: எந்த வழியில் தேடலாம்?

2016 ஜனவரியில் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் பாட்டிகினும் மைக்கேல் பிரவுனும், நெப்டியூனுக்கு வெகு அப்பால் யாரும் கண்டிராத பெரிய கோள் ஒன்று இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு அறிவித்தார்கள். அதன்பின் மூன்று பெரிய வானக் கணக்கெடுப்புகளின் பதிவுகள் அந்தக் கோளுக்காகச் சலிக்கப்பட்டன: பாலோமர் மலையிலுள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியின் ஸ்விக்கி கணக்கெடுப்பு, சிலி நாட்டில் நடந்த இருள் ஆற்றல் கணக்கெடுப்பு, ஹவாயின் ஹலேயாகலா மலையிலிருந்து நடத்தப்பட்ட பான்-ஸ்டார்ஸ். கோள் இருந்திருக்கக்கூடிய நிலைகளில் 78 விழுக்காட்டை இம்மூன்றும் சேர்ந்து நீக்கிவிட்டன என்று 2024-இல் அவர்கள் எழுதினார்கள். இந்த 78-ஐ வானத்தின் பரப்பு என்று கொள்ளக் கூடாது. கணினியில் அவர்கள் உருவாக்கிய ஏராளமான கற்பனைக் கோள்களில், உண்மையில் இருந்திருந்தால் இதற்குள் அகப்பட்டே இருக்கும் என்று சொல்லத்தக்கவற்றின் பங்கு அது.

எஞ்சிய 22 விழுக்காட்டை எப்படித் தேடுவது என்பதில்தான் இப்போது முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய தொலைநோக்கிகளின் இரவுகளைப் பங்கிடும் குழுக்களுக்கு இது பணமும் நேரமும் சார்ந்த முடிவு. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கோ வாழ்வின் நான்கைந்து ஆண்டுகள் சார்ந்த முடிவு. புதிய ரூபின் தொலைநோக்கியின் கணக்கெடுப்புக்குக் காத்திருக்கலாம். சுபாருவைப் போன்ற பெரிய தொலைநோக்கியைக் குறிப்பிட்ட பட்டையின் மீது திருப்பலாம். கோளின் வெப்பத்தை அகச்சிவப்பில் தேடலாம். பார்க்காமலே, அதன் ஈர்ப்பு மற்றக் கோள்களை இழுப்பதிலிருந்து இடத்தைக் கணிக்கலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் சிறந்தது என்று சொல்வது எளிதன்று. ஆயினும் வரிசைப்படுத்த முடியும் என்றே நினைக்கிறேன்.

தேடப்படுவது எத்தகையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2024-இன் கணக்குப்படி அது பூமியைப் போல ஆறேழு மடங்கு நிறையுடையது. இப்போது சூரியனிலிருந்து ஏறத்தாழ 550 வானியல் அலகுத் தொலைவில் இருக்கலாம். ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவு, சுமார் 15 கோடி கிலோமீட்டர். நெப்டியூனே 30 அலகில்தான் இருக்கிறது. அதன் பொலிவெண் 22-ஐ ஒட்டி இருக்கும் என்பது மதிப்பீடு. பொலிவெண் கூடக் கூட ஒளி குறையும். வெறுங்கண்ணுக்கு எட்டுவது 6 வரையில்தான்.

இந்த மங்கலுக்குக் காரணம் எளிய கணக்கு. சூரிய ஒளி கோளைச் சென்று சேர்வதற்குள் தொலைவின் இருமடிக்கேற்பக் குறைகிறது. பட்டுத் திரும்பி நம்மிடம் வருவதற்குள் மீண்டும் இருமடிக்கேற்பக் குறைகிறது. ஆகவே கோள் இரண்டு மடங்கு தொலைவுக்குப் போனால் அதன் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். 300 அலகில் எளிதாக அகப்பட்டிருக்கக்கூடிய கோள், 600 அலகில் அதே தொலைநோக்கியின் கண்ணுக்குத் தப்பிவிடும். இதுவரை நடந்த தேடல்கள் நீக்கியதெல்லாம் பெரும்பாலும் அருகிலுள்ள, பொலிவான நிலைகளையே என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

சிலியின் செர்ரோ பச்சோன் மலையில் அமைந்த வேரா ரூபின் வானாய்வகம் தன் முதல் படங்களை 2025 ஜூன் 23 அன்று வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடி, 3,200 மெகாபிக்சல் கேமரா, ஒரே படத்தில் சுமார் 45 முழு நிலவுகள் அடங்கும் பரப்பு. ஒவ்வொரு முறையும் அரை நிமிட அளவே ஒளியை வாங்கி 24-ஐத் தாண்டிய பொலிவெண் வரை எட்டுகிறது. தெற்கு வானத்தைப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது அதன் திட்டம். மேலே சொன்ன மதிப்பீடுகள் சரியென்றால், கோள் இந்தப் பரப்புக்குள் இருக்கும் பட்சத்தில் ரூபினின் படங்களில் அது பதியாமல் போவது கடினம்.

பதிவது வேறு, கண்டுகொள்வது வேறு. வானின் ஒரு பாகையை அறுபது கலையாகவும், ஒரு கலையை அறுபது விகலையாகவும் பகுத்தால், 550 அலகிலுள்ள கோள் நாளொன்றுக்கு ஆறேழு விகலை மட்டுமே நகர்வதாகத் தோன்றும். அதிலும் பெரும்பகுதி பூமி நகர்வதால் உண்டாகும் இடமாறு தோற்றம். ரூபின் ஒரே இரவில் ஓர் இடத்தை ஏறத்தாழ அரை மணி இடைவெளியில் இரண்டு முறை எடுக்கும்போது கோள் நகரும் தூரம் ஒரு விகலையில் ஏழில் ஒரு பங்குதான். காற்றின் அலைவால் ஒவ்வொரு விண்மீனும் படத்தில் முக்கால் விகலைக்குக் குறையாமல் அகன்று விழும் நிலையில், அந்த நகர்வு தெரியவே தெரியாது. சிறுகோள்களைக் கண்டுபிடிப்பதற்காக ஒரே இரவின் இரு படங்களை இணைக்கும் நிரல்களுக்கு இந்தக் கோள் அசையாத விண்மீனாகவே தோன்றும். இரவையும் இரவையும், மாதத்தையும் மாதத்தையும் ஒப்பிடும் தனி நிரல் எழுதப்பட்டால் மட்டுமே அது வெளிவரும். ரூபினுக்குக் காத்திருப்போம் என்று சொல்பவர்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை. காத்திருப்பு என்ற சொல்லே, கருவி தானாகக் கண்டுபிடித்துத் தந்துவிடும் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது.

ரூபினுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. பல கணக்குகளில் கோளின் தொலைமுனை, அதாவது அதன் பாதையில் சூரியனிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடம், ரிஷபம், ஓரியன் விண்மீன் குழுக்களின் பக்கமாக விழுகிறது. ரிஷபம் நில நடுக்கோட்டுக்கு வடக்கே உச்சி காணும் வானம். ஆண்டு முழுவதும் சூரியன் நகர்வதாகத் தோன்றும் பாதையை ஒட்டி வடக்கேயும் ஒரு பட்டையை ரூபின் எட்டும் என்றாலும், அங்கே திரும்பிப் போகும் தடவைகள் குறைவு. அந்தப் பக்கத்திலேயே பால்வீதியும் குறுக்கே போகிறது. விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் அந்தப் பட்டையில் மங்கலான ஒரு புள்ளி இன்னொரு விண்மீனின் ஒளிக்குள் விழுந்து மறைவது அடிக்கடி நடக்கும்.

இங்கேதான் சுபாருவுக்கு இடம் உண்டு. ஹவாயின் மௌனா கியா உச்சியிலுள்ள ஜப்பானின் இந்த 8.2 மீட்டர் தொலைநோக்கியில், ஒரே படத்தில் ஒன்பது முழு நிலவுகளின் பரப்பைக் காட்டும் கேமரா இருக்கிறது. ரூபினின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் வடக்கு வானம் அதற்கு உச்சியிலேயே இருக்கிறது, ஒரே இடத்தில் சில நிமிடங்கள் நின்று 25-ஆம் பொலிவெண்ணையும் தாண்டிப் பார்க்கவும் அதனால் முடியும். பிரவுனும் பாட்டிகினும் பல பருவங்கள் இதைக் கொண்டே தேடினார்கள். குறை என்னவென்றால், இதன் இரவுகள் அண்டவியல், விண்மீன் மண்டலங்கள் என்று எல்லாத் துறையினருக்கும் பங்கிடப்படுகின்றன. கோள் தேடுபவருக்கு ஒரே இடத்தைச் சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை பார்க்கக் கிடைக்க வேண்டும்; நடுவில் ஓர் இரவு மேகம் மூடினால் அந்தப் பட்டைக்கான உழைப்பு அந்தப் பருவத்தில் வீணாகிவிடும். ஆகவே, ரூபினும் பார்க்கப்போகிற தென்பட்டைக்காகச் சுபாருவின் இரவுகளைச் செலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவை வடக்கு ரிஷபத்துக்கும் பால்வீதியின் விளிம்புகளுக்கும் உரியவை.

மூன்றாவது வழியின் பெரிய கவர்ச்சி அதன் கணக்கில் இருக்கிறது. கோள் தன் உள்வெப்பத்தால் தானே வீசும் கதிருக்குச் சூரியனின் ஒளி தேவையில்லை. அது ஒருவழிப் பயணம் மட்டுமே. தொலைவு இரட்டித்தால் அது நான்கில் ஒரு பங்காகும், பதினாறில் ஒரு பங்காக அன்று. தொலைவு கூடக் கூட, எதிரொளியைத் தேடுபவரைவிட வெப்பத்தைத் தேடுபவருக்கு அனுகூலம் கூடுகிறது. கோளின் வெப்பநிலை 40 கெல்வின் (சுமார் -233 செல்சியஸ்) அளவில் இருந்தால் அதன் கதிர்வீச்சு 70 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறும். நம் காற்றின் நீராவி அந்த அலைநீளத்தை விழுங்கிவிடுவதால் அதை விண்வெளியிலிருந்தே பார்க்க முடியும். அப்படி முழு வானத்தையும் பார்த்தவை 1983-இல் ஐராஸ், 2006-இல் ஜப்பானின் அகாரி என்ற இரண்டு விண்கலங்கள், இரண்டும் ஓய்ந்துவிட்டன.

ஓய்ந்தாலும் அவற்றின் பட்டியல்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் 23 ஆண்டுகள். 500 முதல் 700 அலகுக்குள் உள்ள கோள் ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு கலை வரை தன் பாதையில் நகரும் என்பதால், ஐராஸ் கண்ட ஒரு புள்ளி அகாரியின் பட்டியலில் காணாமல் போய், ஏறத்தாழ அரை முதல் முக்கால் பாகை வரை தள்ளி, ஐராஸ் காணாத ஒரு புள்ளி அகாரியில் தோன்றியிருந்தால், அந்த இணை கோளாக இருக்கலாம். தைவானைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று 2025-இல் இப்படித் தேடி ஒரே ஓர் இணையை முன்வைத்தது. அது உண்மையில் ஒரே பொருளாக இருந்தால் அதன் பாதை மற்றக் கோள்களின் தளத்திலிருந்து ஏறத்தாழ 120 பாகை சாய்ந்திருக்கும் என்றும், தாம் கணித்த கோளோடு அது பொருந்தாது என்றும் பிரவுன் கணக்கிட்டுச் சொன்னார். இரண்டே புள்ளிகளைக் கொண்டு ஒரு பாதையை உறுதி செய்ய இயலாது. விண்மீன்களுக்கு இடையிலுள்ள குளிர்ந்த தூசுத் திட்டுகளும் இதே அலைநீளத்தில் ஒளிர்ந்து ஏமாற்றும். இந்த முறையின் பலவீனம் இதுவே. ஆனால் அந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டது ஏற்கனவே கையிலிருந்த பட்டியல்கள். புதிதாக ஓர் இரவும் செலவாகவில்லை.

வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பார்த்த குறுகிய அலைநீளங்களில் 40 கெல்வின் கோளின் வெப்பம் பெரும்பாலும் தெரியாது. சனி அளவுள்ள கோள் எதுவும் 10,000 அலகு வரையிலும், வியாழன் அளவுள்ளது 26,000 அலகு வரையிலும் இல்லை என்று 2014-இல் கெவின் லூமன் காட்டியது அதன் பெரும் பயன். சூரியக் குடும்பத்தின் வெளியில் ஒரு பெரும் வாயுக்கோள் பதுங்கியிருக்கிறது என்ற பேச்சுக்கு அத்தோடு இடமில்லாமல் போயிற்று. நுண்ணலைத் தொலைநோக்கிகளும் முயன்றுள்ளன. சிலியின் அட்டகாமா அண்டவியல் தொலைநோக்கியின் பதிவுகளில் 2021-இல் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஈர்ப்பைக் கொண்டு தேடுவதே இத்துறையின் பழம்பெரும் வழி. யுரேனஸ் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகிய பிசகைக் கொண்டு பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்ததை 1846 செப்டம்பர் 23 இரவில் பெர்லினில் காலேயும் தாரெஸ்டும் கண்டார்கள். அந்த வெற்றியை மட்டும் நினைவில் வைத்திருந்தால் இந்த வழியே முதலில் நிற்கும். ஆனால் அதே லெவெரியே புதனின் பிசகுக்குக் காரணமாக வல்கன் என்ற கோளைக் கணித்தார்; 1915-இல் ஐன்ஸ்டைனின் கோட்பாடு அந்தக் கோளைத் தேவையற்றதாக்கியது. யுரேனசில் எஞ்சிய பிசகுகளைக் கொண்டு பெர்சிவல் லோவெல் ஒரு கோளைக் கணித்தார். அந்தத் தேடலில் 1930 பிப்ரவரி 18 அன்று கிளைட் டோம்பா கண்ட புளூட்டோவின் நிறை, யுரேனசை அசைக்க எவ்விதத்திலும் போதாது என்பது பின்னர் தெரிந்தது. 1989-இல் வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்தபோது அதன் நிறை அரை விழுக்காட்டளவு குறைவு என்று தெரியவந்தது; அந்தத் திருத்தத்தைச் சேர்த்து 1993-இல் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் கணக்கிட்டபோது பிசகுகளே மறைந்துவிட்டன.

2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி, சனியின் தொலைவை ஏறத்தாழ நூறு மீட்டருக்குள் அளக்க உதவியது. அந்த அளவீடுகளைக் கொண்டு ஆக்னெஸ் ஃபியேங்காவும் உடனாய்வாளர்களும் 2016-இல், கோள் இருக்க முடியாத திசைகளை நீக்கினார்கள். இதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேட வேண்டிய வானத்தைச் சுருக்க இது நல்ல உதவி. ஆனால் சனி சூரியனைச் சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்போது, காசினி இருந்ததோ 13 ஆண்டுகள். மெல்ல மாறும் அந்த இழுவையைக் கைப்பர் பட்டையின் (நெப்டியூனுக்கு அப்பாலுள்ள சிறு பனிப் பொருள்களின் கூட்டம்) மொத்த நிறை போன்ற வேறு காரணங்களின் கணக்கில் சேர்த்துவிடவும் முடியும். யுரேனசைச் சுற்றும் விண்கலம் ஒன்றை முதல் முன்னுரிமையாக அமெரிக்க அறிவியல் கழகம் 2022-இல் பரிந்துரைத்தது. அது போய்ச் சேர்ந்து சில ஆண்டுகள் சுற்றிய பிறகே இந்த வழிக்குப் புதிய வலு வரும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ஐயத்தையும் தேர்வுக்குள் சேர்க்க வேண்டும். கோள் இருப்பதற்கான முதன்மைச் சான்று, செட்னா போன்ற மிகத் தொலைவான சிறு உலகங்களின் நீண்ட பாதைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்பது. அவற்றைக் கண்டுபிடித்த கணக்கெடுப்புகள் பால்வீதியைத் தவிர்த்தும், சில மாதங்களில் மட்டும் பார்த்தும் நடந்தவை. தெருவில் விளக்கு எரியும் பக்கத்தில் மட்டும் தேடினால், தொலைத்த காசெல்லாம் அந்தப் பக்கம் விழுந்தது போலவே தோன்றும். 2021-இல் கெவின் நேப்பியரின் குழு, தேடிய இடங்கள் முழுமையாகப் பதிவான மூன்று கணக்கெடுப்புகளிலிருந்து 14 பொருள்களை எடுத்துப் பார்த்து, சாய்வே இல்லாத நிலையோடும் அவை ஒத்துப்போகின்றன என்றது. பிரவுனும் பாட்டிகினும் தங்கள் பொருள்களைக் கொண்டு அதே ஆண்டில் 99.6 விழுக்காடு உறுதி என்றார்கள். 2025-இல் அறிவிக்கப்பட்ட 2017 ஓஎஃப்201, 2023 கேக்யூ14 ஆகிய இரு தொலைதூரச் சிறு உலகங்களும் அந்தச் சாய்வுக்குள் அடங்கவில்லை. கோள் இருக்கும் என்று நம்ப விரும்புகிறவன் நான். இருந்தும், 2016-இல் இருந்ததைவிட இன்று அந்த நம்பிக்கை தளர்ந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் தகுதி ரூபினுக்கு மட்டுமே உண்டு. அதை முதலிடத்தில் வைப்பதற்கு எனக்குள்ள பெரிய காரணம் இதுதான். எங்கே, எப்போது, எவ்வளவு ஆழமாகப் பார்த்தது என்ற முழுப் பதிவோடு, ஒரே கருவியால், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பொருள்களை இப்போது தெரிந்ததைவிடப் பல மடங்கு அது சேர்க்கும். சாய்வு உண்மையா என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். கோள் ரூபினின் படத்தில் விழாவிட்டாலும், தேடலைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு விடை கிடைக்கும். மற்ற மூன்று வழிகளும் கோள் இருந்தால் மட்டுமே பயன் தருவன.

தொலைநோக்கி நேரமே கிடைக்காத ஒரு மாணவர் என்ன செய்யலாம் என்ற கேள்வி என் மனத்துக்கு நெருக்கமானது. 1795 மே 8 அன்றும் 10 அன்றும் பாரிசில் லலாந்தின் விண்மீன் பட்டியலுக்காக ஒரு விண்மீனின் இடம் குறிக்கப்பட்டது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. முதல் அளவீடு பிழை என்று ஒதுக்கினார்கள். அது நெப்டியூன். 1612 டிசம்பரிலும் 1613 ஜனவரியிலும் கலிலியோவும் அதைக் குறித்திருந்தார். 1846 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜில் சாலிஸ் அதைத் தேடும்போதே இருமுறை பதிவுசெய்தும், தன் பதிவுகளை உடனே ஒப்பிடாததால் இழந்தார். பெர்லினில் அது ஒரே இரவில் கிடைத்தது, புதிதாக அச்சான விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தாரெஸ்ட் சொன்னதால்தான். ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலும் இதற்கு ஒரு சான்று உண்டு: 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நேரத்துக்குச் சற்று முன் அங்கே பதிவான கண நேர மங்கலைப் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் புதிய துணைக்கோள் என்று கருதினார்கள்; மற்ற இடங்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோதே அது யுரேனசின் வளையம் என்பது விளங்கியது.

மேலே சொன்ன 2017 ஓஎஃப்201-உம் அப்படியே கிடைத்தது. சிஹாவ் செங்கும் உடனிருந்த மாணவர்களும் 2011 முதல் 2018 வரை வேறு நோக்கங்களுக்காக எடுக்கப்பட்டு, எவரும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருந்த படங்களில், 19 இடங்களில் அதே பொருளைத் தேடிப் பிடித்து இணைத்தார்கள். ஆகவே அந்த மாணவருக்கு நான் சொல்வது: இரவுக்கு இரவு, ஆண்டுக்கு ஆண்டு மெல்ல நகரும் புள்ளிகளை இணைக்கும் நிரலை இப்போதே எழுதி, இருள் ஆற்றல் கணக்கெடுப்பின் படங்கள், ஐராஸ், அகாரி பட்டியல்கள் ஆகியவற்றில் அதைச் சோதித்துப் பழக வேண்டும். ரூபினின் நகர்வு அறிவிப்புகள் உலகெங்கும் உடனே கிடைக்கும் என்றாலும், அதன் படங்கள் உரிமை பெற்ற குழுக்களுக்கு வெளியே வர இரண்டாண்டுகள் ஆகும். அந்த இரண்டாண்டுகள் நிரலைச் செம்மைப்படுத்தப் போதுமானவை.

இரவுகளைப் பங்கிடும் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். தேடலுக்கென்று கேட்கப்படும் நீண்ட பருவங்களைக் குறைத்தாலும், சரிபார்ப்புக்கென்று ஆண்டுதோறும் ஓரிரு இரவுகளை ஒதுக்கி வைக்க வேண்டும். பழைய பட்டியல்களில் ஓர் இணை அகப்பட்டால், அது இப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சில பாகைகளுக்குள் சொல்லிவிட முடியும். சிலியின் இருள் ஆற்றல் கேமராவோ சுபாருவோ சில மணி நேரத்தில் அந்தப் பரப்பைப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிடும்.